நுனி மடங்காத விரல்

அன்று மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பங்களை வீட்டுக்கு அழைத்திருந்தேன். கணவர் மதுரையில் இருந்தார். அவருடைய அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டில் நானும் மகளும்தான். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல்லில் ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை என்பது சாம்பல் பூசிய மாதிரி இருக்கும். வெளியே போகவும் தோன்றாது, உள்ளே இருக்கவும் பிடிக்காது. நாலு பேர் வந்து சாப்பிட்டு, சத்தம் போட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்குமே என்றுதான் கூப்பிட்டேன்.

சாம்பார் சாதம் ஆகிவிட்டது. உருளைக்கிழங்கு ரோஸ்ட் அடுப்பில் மெல்லிய தீயில் இருந்தது. வடை மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ஆட்கள் வந்தபின் சுடச்சுடப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதெல்லாம் போதாது, சிப்ஸும் தொட்டுக்கொள்ள குவாக்கமோலேயும் வேண்டும் என்று மகள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதற்காக அவகாடோவை இரண்டாக வெட்டி, கொட்டையோடு இருந்த பாதியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கத்தியால் கொட்டையில் ஒரு கொத்து கொத்தினேன். கத்தி கொட்டையில் இறங்கித் திருகினால் அது கழன்று வந்துவிடும். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்றைக்குக் கொட்டை வழுக்கியது. கத்தி நழுவி, பழத்தைத் தாண்டி, ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியது.

வலிக்கவில்லை. ஏதோ பட்டது போல் மட்டும் இருந்தது. பச்சைச் சதைக்கு நடுவில் சிவப்பாக ஊறி வருவதைப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் குழாய்க்கு அடியில் நீட்டினேன். தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது.

சத்தம் போட்டேனா என்று ஞாபகமில்லை. மகள் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பதினாறு வயது. நாங்கள் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பயந்துபோனால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அம்மா, உட்காரு. உட்காரும்மா" என்றாள். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"ஒண்ணுமில்லடி, சின்ன வெட்டு. அந்த மஞ்சப்பொடி டப்பாவ எடு."

"நோ மஞ்சள்!" என்று அதட்டினாள். பள்ளியில் முதலுதவி வகுப்பு எடுத்திருக்கிறாள். இழுப்பறையிலிருந்து துவைத்து மடித்திருந்த துண்டை எடுத்து என் விரலின் அடியில் வைத்து அழுத்தினாள். "ஹோல்ட் இட் டைட். ஹார்ட்டுக்கு மேல தூக்கி வெச்சுக்கோ." அடுப்பை அணைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கும் பிள்ளையைப் போல் இடது கையைத் தூக்கிக்கொண்டு, வலது கையால் அதை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. மெல்லத் துண்டை எடுத்துப் பார்த்தோம். காயம் சிறியதுதான். ஒரு நகத்தின் அகலம்கூட இருக்காது. வாய் மூடிக்கொண்டு, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

"பார்த்தியா, நின்னுடுச்சு. ஒரு பேண்ட் எய்ட் போட்டா முடிஞ்சுது. அவங்கல்லாம் வர நேரமாச்சு, நீ அந்த வெங்காயத்த நறுக்கு."

அவள் கேட்கவில்லை. என் கைப்பையிலிருந்து இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இருந்த நர்ஸ் உதவி எண்ணுக்கு அடித்தாள். அப்படி ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

எடுத்தவர் ஒரு பெண்மணி. டெக்சாஸ்காரர்களுக்கே உரிய இழுத்துப் பேசும் பேச்சு. எதைச் சொன்னாலும், நாம் 'கண்ணு' என்பதுபோல, ஒரு 'ஹனி' சேர்த்துக்கொண்டார். அவர் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

"ரத்தம் நின்றுவிட்டதா? நல்லது. விரலில் மோதிரம் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். ஆயிற்றா? இப்போது அந்த விரலை நேராக நீட்டுங்கள் பார்ப்போம்."

நீட்டினேன். நீண்டது.

"சரி. இப்போது மடக்குங்கள். நடுவில் உள்ள கணு மடங்குகிறதா?"

மடங்கியது. நான் மகளைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினேன்.

"இனி நுனி மட்டும். நகம் இருக்கும் அந்த மேல்கணுவை மட்டும் மடக்குங்கள், ஹனி."

மடக்கினேன். அதாவது, மடக்க நினைத்தேன். எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் நினைத்தேன். மற்ற மூன்று விரல்களின் நுனியும் சொன்னபடி வளைந்தன. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் நிமிர்ந்தே நின்றது. வலியும் இல்லை, விறைப்பும் இல்லை. நான் சொல்வது அதன் காதில் விழவே இல்லை. யாரோ ஒருவருடைய விரலைக் கொண்டுவந்து என் கையில் ஒட்டிவைத்ததுபோல் இருந்தது. ரத்தத்தைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது.

"மடங்கலையே" என்று தமிழிலேயே சொன்னேன். மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

நர்ஸின் குரல் மாறவில்லை. ஆனால் பேச்சின் வேகம் மாறியது. உள்ளே விரலை இழுத்து மடக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். வெளிக்காயத்தின் அளவை வைத்து இதை எடைபோடக்கூடாது. இன்றைக்கே, இப்போதே காட்டவேண்டும். முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய, எக்ஸ்ரே வசதி உள்ள அர்ஜன்ட் கேர் கிளினிக் ஒன்று பக்கத்து ஊரில் திறந்திருக்கிறது. போகும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்கவேண்டும், எதுவும் சாப்பிடவேண்டாம்.

"ஆனா எனக்கு வலியே இல்லையே" என்றேன்.

"அதனால்தான் பலரும் வராமல் இருந்துவிடுகிறார்கள், ஹனி. கிளம்புங்கள்" என்றார்.

யார் வண்டி ஓட்டுவது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பின் தெருவில் கோயம்புத்தூர்க்காரத் தோழி இருக்கிறாள். விருந்துக்கு வரவேண்டியவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. அழைத்தேன், எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போனால் ஃபோனை சைலன்டில் போட்டுவிடுவாள். டாக்சி கூப்பிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் சாவியை எடுத்துவிட்டாள்.

"நான் ஓட்டறேன்."

அவளிடம் இருந்தது பழகுபவர்களுக்கான பெர்மிட். உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் ஓட்டலாம். சட்டப்படி நான் பெரியவள்தான். ஆனால் நாங்கள் இருவரும் காரில் ஏறினால் சண்டைதான். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்வேன், இல்லாத பிரேக்கை மிதிப்பேன், 'பார்த்து, பார்த்து' என்பேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நீயே ஓட்டிக்கொள் என்று இறங்கிவிடுவாள். கடைசியில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கணவரிடமே விட்டிருந்தேன். அவரும் அவளை, வண்டிகள் நிற்காமல் பறக்கும் ஃப்ரீவே பக்கம் அழைத்துப்போனதில்லை. அந்த அர்ஜன்ட் கேருக்கு ஃப்ரீவேயில்தான் போகவேண்டும்.

கேரேஜிலிருந்து பின்பக்கமாக வண்டியை எடுத்தாள். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியை இடித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஒரு கை மேலே, இன்னொரு கை அதைப் பிடித்தபடி. கதவுப் பிடியைப் பற்ற எனக்குக் கையே இல்லை. இடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

தெரு முனையில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா, நீ பேசாம இருந்தா நல்லா ஓட்டுவேன்."

"பேசல" என்றேன்.

ஃப்ரீவேயில் ஏறும் பாதை நீளமாக வளைந்து போகும். அதன் முடிவில் வேகமாகப் போகும் வண்டிகளுக்கிடையே நுழையவேண்டும். எனக்கே இந்த நாட்டுக்கு வந்து பல மாதங்கள் அதில் தைரியம் வரவில்லை. அவள் வேகத்தைக் கூட்டினாள். இடது பக்கம் ஒரு பெரிய பிக்கப் ட்ரக் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்த ட்ரக் எங்களுக்காக வேகத்தைக் குறைத்து வழிவிட்டிருந்தது. நாங்கள் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். அவள் கண்ணாடியைப் பார்த்து அந்த ஓட்டுநருக்குக் கையை உயர்த்தி நன்றி சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். பேசமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் கேட்கவில்லை. அவளுடைய மேலுதட்டில் வேர்த்திருந்தது. ஜனவரிக் குளிரில் அந்த வியர்வையைப் பார்த்ததும் அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அர்ஜன்ட் கேரில் இருமிக்கொண்டிருந்த ஒரு குழந்தையும் அதன் பெற்றோரும் தவிர வேறு யாரும் இல்லை. சீக்கிரமே உள்ளே அழைத்தார்கள். வந்த இளைஞர் தான் டாக்டர் இல்லை, பிஸிஷியன் அசிஸ்டென்ட் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். கோட்டுக்குக் கீழே கௌபாய் பூட்ஸ் போட்டிருந்தார். என் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"அவகாடோ."

"கொட்டையை எடுக்கும்போதா?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை; ஆனால் அந்தக் கதை அவருக்குப் புதிதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நர்ஸ் செய்யச் சொன்னதையெல்லாம் அவரும் செய்யச் சொன்னார். பிறகு ஒரு பேப்பர் கிளிப்பைத் துடைத்து, விரித்து, அதன் முனையால் என் விரலின் இரு பக்கங்களையும் தொட்டார். என்னை வேறு பக்கம் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் பக்கம் தொட்டபோது ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த பக்கம் தொட்டபோது தெரிந்தது. மரத்துப்போவதற்கு ஊசி போட்டுவிட்டால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் முதலிலேயே பார்த்துவிடுகிறேன் என்றார்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காயத்தைக் கழுவி, தையல் போட்டு, டெட்டனஸ் ஊசி போட்டார். பிறகு வெளியே போய் யாரிடமோ ஃபோனில் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஃபோனில் அவர் சொல்வதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மடக்கும் தசைநாண் ஒன்று அறுந்திருக்கிறது. ஒரு பக்கத்து நரம்பும் அறுந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதை நான் சரிசெய்ய முடியாது. கை அறுவை நிபுணர் ஒருவரிடம் பேசிவிட்டேன், நாளைக் காலையில் உங்களைப் பார்க்கிறார். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்."

விரல்கள் லேசாக வளைந்த நிலையில் அட்டை வைத்துக் கட்டினார். கட்டு முழங்கை வரை பெரிதாக வந்தது. அந்தச் சின்னக் காயத்துக்கு இவ்வளவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வரும்போது ஃபோன் அடித்தது. கோயம்புத்தூர்த் தோழி.

"என்னங்க, இத்தன மிஸ்டு கால்? நான் இப்பத்தான் கோயில்ல இருந்து வெளிய வர்றனுங்க."

நடந்ததைச் சொன்னேன். எல்லோரையும் இன்னொரு நாள் அழைக்கிறேன், இன்றைக்கு முடியாது, மன்னித்துக்கொள் என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. கேரேஜ் கதவு தொறக்கற நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மறுபடியும் ஃப்ரீவே. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்து கிடந்தன. கதவைத் திறந்ததும் வடை வாசனை. தோழி என் அடுப்பில், என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வடை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு குடும்பம் தயிர்ப்பச்சடியை முடித்து, மேசையைத் துடைத்து, என் தரையில் இருந்த ரத்தத் துளிகளையும் துடைத்துவிட்டிருந்தது. யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "வாங்க வாங்க, உக்காருங்க, சூடா இருக்கு" என்றார்கள். என் வீட்டுக்கு நானே விருந்தாளியாக வந்ததுபோல் சோபாவில் உட்கார்ந்தேன். தட்டு என் மடிக்கு வந்தது. எனக்குப் பிடித்த முறுகலான உருளைக்கிழங்கை யாரோ அடியிலிருந்து சுரண்டி வைத்திருந்தார்கள். அன்று அவசரத்தில் சாம்பார் சாதத்தில் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டிருந்தேன் போல. அப்படியும் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். மகள் வந்திருந்த பிள்ளைகளிடம் ஃப்ரீவேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் அந்த ட்ரக் இன்னும் பெரிதாக இருந்தது.

கணவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். மகள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் என் கட்டின் படத்தைப் போட்டுவிட்டாள். மதுரையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். கல்யாண வீடாகையால் எல்லோரும் விழித்திருந்தார்கள். அழைப்புமேல் அழைப்பு. நாத்தனார், அந்தக் கத்தி வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடு என்றாள். பெரிய மச்சினர், அதாவது கல்யாண மாப்பிள்ளையே, முட்டையின் வெள்ளைக்கரு நல்லது என்றார். கணவர் கடைசியாகப் பேசினார்.

"டிக்கெட்ட மாத்தறேன். நாளைக்கே கிளம்பறேன்."

"வேண்டாம். ஃபங்ஷன முடிச்சிட்டு வாங்க. அண்ணாவுக்கு நீங்க ஒரே தம்பி. இங்க டிரைவர் இருக்கா."

"யாரு?"

"உங்க பொண்ணு. ஃப்ரீவேல ஓட்டிட்டா."

"ஃப்ரீவேலயா?" என்று இரண்டு முறை கேட்டார். கை வெட்டுப்பட்டதைவிட இது அவரை அதிகம் ஆட்டிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பார்த்த அறுவை நிபுணர், நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. வியட்நாமில் பிறந்து சிறுவயதிலேயே இங்கே வந்தவராம். ஒரு காகிதத்தில் விரலை வரைந்து, அதன் உள்ளே நீளமாக ஒரு குழாயையும், குழாய்க்குள் ஒரு கயிற்றையும் வரைந்தார். கயிறு அறுந்தால் அதன் ஒரு முனை உள்ளங்கைப் பக்கமாகப் பின்னால் இழுத்துக்கொள்ளும். நாளாக ஆகக் குழாய் சுருங்கிவிடும், முனையும் சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "பாவாடை நாடா!" என்றேன் தமிழில். பிறகு அவருக்கு விளக்கினேன்: புடவைக்கு உள்ளே கட்டும் பாவாடையின் இடுப்பில் ஒரு நாடா ஓடும், துவைக்கும்போது அதன் ஒரு முனை உள்ளே போய்விட்டால் ஊக்கைக் குத்தித் தள்ளித் தள்ளி வெளியே எடுக்கவேண்டும். முனை பக்கத்திலேயே இருந்தால் சுலபம். ரொம்ப உள்ளே போய்விட்டால் தையலைப் பிரிக்கவேண்டியதுதான்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் இத்தனை வருஷமாக ட்ராக் பேன்ட் கயிறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்வதும் அதேதான். உங்கள் நாடா இன்னும் ரொம்ப உள்ளே போகவில்லை. அதற்குள் வந்துவிட்டீர்கள்."

வராமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். வலி இல்லை, தையல் ஆறிவிட்டது என்று இருந்துவிட்டுப் பல வாரங்கள் கழித்து, ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை என்று வருபவர்கள் உண்டாம். அவர்களுக்கு வேறு இடத்திலிருந்து நாண் எடுத்து வைத்து, இரண்டு முறை அறுவை செய்ய வேண்டியிருக்குமாம். நான் என் கட்டைப் பார்த்துக்கொண்டேன். பேண்ட் எய்ட் போட்டு வெங்காயம் நறுக்கச் சொன்னவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே அறுவை நடந்தது. அதற்குத் தோழிதான் அழைத்துப் போனாள். மகள், பள்ளிக்குப் போகச் சொல்லியும் கேட்காமல், கூடவே வந்தாள். கையை மட்டும் மரத்துப்போக வைத்து, அரைத்தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது தோழி பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்குப் புளியோதரை டப்பாவைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து, நாண், நரம்பு இரண்டையும் தைத்தாகிவிட்டது, நினைத்ததைவிடச் சுலபமாகக் கிடைத்தது என்றார். "உங்கள் ஊக்கு எனக்குத் தேவைப்படவில்லை" என்றும் சொன்னார்.

விழா முடிந்து, அறுவை ஆன இரண்டாம் நாள் கணவர் வந்து சேர்ந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் என் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பெட்டியில் கல்யாணத்துச் சீர்முறுக்கும் லட்டும் இருந்தன. வரும்போது உடைந்து தூளாகிப்போன லட்டை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மெதுவாகப் போயின. எனக்கென்றே அளவெடுத்துச் செய்த, கையைத் தாங்கும் பிளாஸ்டிக் காப்பை இரவும் பகலும் போட்டிருக்கவேண்டும். தைத்த இடம் விட்டுவிடாமல் இருக்க எதையும் பிடிக்கக்கூடாது, தூக்கக்கூடாது. ஆனால் அசையாமல் வைத்திருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வலது கையால் அந்த விரலை மடக்கி மடக்கி விடவேண்டும். நாள் முழுவதும் இதுதான் வேலை. அலுவலகத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டு, மீட்டிங்கில் பேசும்போது விரலை மடக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு கை இல்லாவிட்டால் எதெல்லாம் முடியாது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலை பின்ன முடியாது. பல் துலக்கும் பேஸ்டின் மூடியைத் திறக்க முடியாது. புடவை கட்ட முடியாது. ஆப்பிள் வெட்ட முடியாது. மகள் பள்ளிக்குப் போகும்முன் எனக்குப் பின்னல் போட்டுவிடுவாள். என் தலைமுடி மெலிந்துவிட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அம்மா, யுவர் ஹேர் இஸ் ஸோ சாஃப்ட்" என்றாள் ஒருநாள்.

"கொட்டிப்போச்சுன்னு சொல்ல வர்ற. அப்படித்தானே?"

"நான் சாஃப்ட்னுதான் சொன்னேன்."

கணவர் சமையலை எடுத்துக்கொண்டார். முதல் வாரம் தினமும் ரசம்தான். இரண்டாம் வாரம் ரசத்தோடு முட்டைப் பொரியல். பெரிய மச்சினர் சொன்னது ஞாபகமிருந்திருக்கும். தோழி வாரம் ஒருமுறை வந்து, ஃப்ரிட்ஜில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு, "ரசம் நல்லா இருக்குதுங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டுப் போவாள். நான் மேசை அருகே உட்கார்ந்து, காரியம் எதுவும் இல்லாமல், இவர்கள் எல்லாம் என் சமையலறையில் எதை எங்கே மாற்றி வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, உண்மையைச் சொன்னால், பிடித்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

கைப்பயிற்சி தரும் தெரபிஸ்ட் உயரமான பெண். ஆறு பேருக்குக் கேட்கும்படி பேசுவாள். ஒருநாள் காப்பைக் கழற்றச் சொல்லி, என் விரலின் நடுக்கணுவைத் தன் இரு விரல்களால் பிடித்து நிறுத்திவிட்டு, "இப்போது நீங்களாகவே நுனியை மடக்குங்கள். மெதுவாக" என்றாள்.

அன்று மேசையருகே நான் சொல்லியும் கேளாமல் நின்ற அந்த நுனியைப் பார்த்தேன். மடங்கு என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை போலிருந்தது. பிறகு நகம் ஒரு மயிரிழை முன்னால் சாய்ந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகம். அவள் "அதோ!" என்று கத்தினாள். பக்கத்து மேசையில் களிமண் உருண்டையைப் பிசைந்துகொண்டிருந்த வயதான மனிதர் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலேயே கை தட்டினார். நான் அழுதேன். அவள் டிஷ்யூ பெட்டியைப் பழக்கப்பட்டவளாக என் பக்கம் தள்ளினாள்.

இப்போது அந்த விரல் வேலை செய்கிறது. முழுவதும் மடங்காது, முஷ்டி பிடித்தால் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் வெளியே நிற்கும். குளிர்நாள் காலையில் சோம்பல் பண்ணும். கட்டைவிரல் பக்கம் இன்னும் முழு உணர்ச்சி திரும்பவில்லை. அங்கே தொட்டால் துணிக்கு மேலே தொட்டதுபோல் இருக்கும். நரம்பு மெதுவாகத்தான் வளரும், இன்னும் காலம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தழும்பு தேடினால்தான் கண்ணில் படும்.

கடைசிப் பயிற்சி வகுப்பு முடிந்தது ஏப்ரலில். கணவர்தான் அழைத்துப்போனார். திரும்பும் வழியில் சாலையோரம் முழுக்க ப்ளூபானெட் பூத்திருந்தது. டெக்சாஸில் அந்த மாதத்தில் இது வழக்கம். நீலம் விரித்துப் போட்டதுபோல் கிடக்கும், ஆட்கள் காரை நிறுத்திவிட்டு அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் நின்றதில்லை. எப்போதும் எங்கேயாவது போகவேண்டியிருக்கும். அன்றைக்கு நான் கேட்காமலேயே அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

இறங்கி நடந்தோம். ஓர் இளம் தம்பதி, பட்டுப்பாவாடை உடுத்திய ஒரு பெண் குழந்தையைப் பூக்களுக்கு நடுவில் உட்காரவைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழ் என்று தெரிந்துகொண்டு குழந்தையின் தாய் எழுந்து வந்தாள்.

"ஆன்ட்டி, எங்க மூணு பேரையும் ஒரு ஃபோட்டோ எடுக்க முடியுமா?"

ஃபோனை வாங்கிக்கொண்டேன். அவர்கள் இருவரும் உட்கார்ந்து சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை. ஒரு பூங்கொத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. தாய் அதை எடுத்தாள். அது இன்னொன்றைப் பிடுங்கியது.

"பாப்பா, இங்க பாரு, இங்க பாரு" என்று என் கணவர் எனக்குப் பின்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தார். காற்று நன்றாக வீசியது. நான் அந்த விரலாலேயே பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.